கயிறு மாறாத நாய்

கடிக்கிற நாய்தான் வேண்டும் என்று தேடிப்போய் வாங்கி வந்தவன் அங்கப்பன். எண்பத்திரண்டாம் வருஷம் அவன் ஆரஞ்சுத் தோட்டத்தில் திருட்டு தாங்கவில்லை. நாகலூரில் பங்களாத் துரை ஒருவர் செத்துப்போய், அவர் நாயை யாரும் கிட்டே சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டதும் ஓடினான். மூன்று பேரைக் கடித்த நாய் என்று வாட்ச்மேன் மாதையன் சொன்னபோது, நல்ல சம்பந்தம் கூடிவந்தவன்போல முகம் மலர்ந்தானாம்.

அதற்கு என்ன போடுவது, எப்படிப் பழக்குவது என்று ஒரு வார்த்தை கேட்டு வரவில்லை. செம்மநத்தத்து வீட்டு வாசலில், பலாமரத்தில், மாட்டைக் கட்டுகிற மாதிரி கட்டினான். இரண்டாம் நாளே கெண்டைக்கால் சதையைக் கொடுத்தான். நன்றாக வேண்டும் என்றுதான் அவன் பெண்டாட்டி கண்ணம்மாளுக்கு முதலில் தோன்றியது.

பயம் பிறகு வந்தது. பகலெல்லாம் நாய் சும்மா கிடக்கும். சாயங்காலம் பனி இறங்கியதும் எழுந்து, பாதையைப் பார்த்து நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விடும். அப்போது கைத்தடி ஒன்று கல்லில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம் கேட்கும். ஆள் இருக்காது. ஒரு நாள் சத்தம் பாதை வளைவில் நின்றது. அடுத்த நாள் இன்னும் கிட்டே. சத்தம் நின்றதும், பக்கத்தில் யார் இருந்தாலும் நாய் பாயும். அங்கப்பனைக் கடித்ததும் அப்படித்தான். அதே வாசலில்தான் ஐந்து வயது மகள் அத்தாயி விளையாடுகிறாள்.

நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று கண்ணம்மாள் பஸ் ஏறி நாகலூர் போனாள். விஷயத்தைச் சொன்னதும் மாதையன் கும்பிட்டுவிட்டான்.

"கொண்டாராதீங்க. தொரை தடியெடுக்காத நாளில்லீங்க. அடிச்சு அடிச்சுத்தான் அது இப்படி ஆச்சு. செத்தும் பொழுதுசாய வந்துட்டிருந்தாரு. நாய் போனப்புறந்தான் நாங்க ஊட்டுல தூங்கறோம்."

"இதைய அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

திரும்பும் பஸ்ஸில்தான் அவளுக்குக் கயிறு நினைவுக்கு வந்தது. மாடு வாங்கினால் பழைய சொந்தக்காரர் தன் கையாலேயே கயிற்றைக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் துணியில் ஏந்த வேண்டும். இல்லாவிட்டால் அது அவர் மாடுதான். ஆட்டுக்குக்கூட அவர்கள் இதை விட்டதில்லை. நாய்தானே என்று, மாதையன் அவிழ்த்துவிட்டதை அங்கப்பன் இழுத்து வந்துவிட்டான். துரை கொடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பனி மூடியிருந்தது. பலாமரத்தடியில், நாய்க்கு ஒரு முழம் தள்ளி, அத்தாயி உட்கார்ந்திருந்தாள். நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. தடிச் சத்தம் வாசலின் மூங்கில் படலுக்கே வந்துவிட்டது. நின்றால் நாய் பாயும். கண்ணம்மாள் படலை மறித்து நின்று, முந்தானையை விரித்து ஏந்தினாள்.

"ஏனுங்க தொரை, உங்க நாயிதானுங்க, இல்லேன்னு சொல்லலீங்க. கவுத்தை உங்க கையால குடுத்துட்டுப் போங்க. நாங்க பாத்துக்கறோம்."

சத்தம் நின்றது. முந்தானை கனத்தது, நனைந்த கயிற்றின் கனம். குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. பிறகு தடிச் சத்தம் திரும்பிப் பாதையேறி, தேய்ந்து, இல்லாமல் போனது.

நாய் பாயவில்லை. அத்தாயியைத் தாண்டி, கட்டு எட்டுமட்டும் படல் பக்கம் வந்து, பாதையைப் பார்த்து ஊளையிட்டது. போகிறவரைத் திரும்பக் கூப்பிடுகிற அழுகை அது.

"அத்தனை அடி அடிச்சாரு, அவருக்கா அழுவற?" என்று கத்தினாள் கண்ணம்மாள். கத்தியவளுக்கும் அழுகை வந்துவிட்டது.