பேத்தியோட ரப்பர்

இருபத்தாறு மணி நேரம். உறவில் ஒரு கல்யாணத்துக்கு வீடே கிளம்பிப் போய்த் திரும்ப அவ்வளவு நேரம் ஆகும். லேபில் ஷிப்ட் மாற்ற ஆள் இல்லை என்று பூனை சொன்னாள். யாரும் வற்புறுத்தவில்லை. நடந்தாலும் சத்தம் வராது, இருந்தாலும் சத்தம் வராது என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். வயது இருபத்தைந்து, வேதியியல் பட்டம், பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

கார் தெருமுனையில் திரும்பியதும் கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்களை இழுத்தாள்.

உள்ளே ரப்பர்கள். பென்சில் எழுத்தை அழிக்கிற அதே ரப்பர்கள்தான். மீன், சாவி, பாதி உரித்த வாழைப்பழம், ஈறோடு கூடிய பல்செட் என்று தொண்ணூற்று மூன்று. பள்ளிக்கூடத்தில் பிடித்த பைத்தியம், சம்பளம் வந்த பிறகும் தெளியவில்லை. ஒன்றைக் கொண்டும் அவள் ஒரு எழுத்தை அழித்ததில்லை.

இந்த வயதில் ஒருத்தி ரப்பர் சேர்க்கிறாள் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அம்மாவின் கவலை. டின்களுக்குள் போவதற்கு முன்பு அவை பூனையின் மேசைமேல்தான் இருந்தன. வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டால் பேத்தியுடையது என்று அம்மா முடித்துவிடுவாள். பேத்தி, அதாவது அண்ணன் மகள், ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

பெயர் போனால் தொலையட்டும். பேத்தியுடையது என்றால் அது விளையாட்டுச் சாமான். விளையாட்டுச் சாமான் என்றால், வந்த குழந்தை அழுதால் ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். பச்சைத் தவளை அப்படித்தான் போனது. ரயில் இன்ஜின் போய்ப் பெட்டிகள் மட்டும் நின்றன. ஒவ்வொரு முறையும் பூனை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சேதம் வெளியாட்களால் மட்டும் வரவில்லை. அண்ணி ஆசையாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கித் தந்தாள். மூன்றே மாதத்தில் ரப்பரிலிருந்து எண்ணெய் கசிந்து பெட்டியைக் கரைத்திருந்தது. டெலிபோன் ரப்பரைப் பெயர்த்தபோது பாதி கையில் வந்தது, பாதி பெட்டியோடு போனது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று வருஷம் காலேஜுக்குப் போனாயா என்று அண்ணன் ஒரு வாரம் ஓட்டினான். அன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் காகிதம், தகர டின். பத்திரமாக இருந்தன. ஆனால் யார் கண்ணிலும் படவில்லை, அவள் கண் உட்பட.

கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ் இருந்தது. மேல்தட்டில் அண்ணன் பேட்மிண்டனில் ஜெயித்த கோப்பைகள். நடுத்தட்டில், வாங்கிய நாள் முதல் டீயைக் கண்ணால் பார்க்காத டீ செட். பூனை இரண்டையும் இறக்கினாள். ஜன்னல் வெயில் பட்டால் வெள்ளை ரப்பர் மஞ்சளாகிவிடும். ஷோகேஸின் கால்களுக்கு அடியில் ஈரத்துணி கொடுத்து, தோளால் முட்டி முட்டி, தனியாளாக எதிர்ச்சுவருக்குத் தள்ளினாள். கோப்பைகளைத் துடைத்து மேலே திரும்ப வைத்தாள். டீ செட் சமையலறைக்குப் போனது.

நடுத்தட்டில், விளிம்பு சில்லு போனதென்று லேபில் ஒதுக்கிய சின்னக் கண்ணாடித் தட்டுகளைப் பரப்பினாள். ஒன்றோடொன்று ஒட்டாமல் ரப்பர்களை அடுக்கினாள். நடுவில் பல்செட். இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பல்செட் அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மறுநாள் எல்லாரும் திரும்பினார்கள். கூடவே பெரியம்மா, அவள் மருமகள், மருமகளின் குழந்தை. அப்பா வாசலிலேயே நின்று, வீடு மாறி வந்துவிட்டோமா என்று கேட்டார். அண்ணன் தன் கோப்பைகளை எண்ணிப் பார்த்துச் சமாதானமானான். அம்மாவின் கண் டீ செட்டைத் தேடியது. அது தட்டில் ஆவி பறக்க வந்தது. விருந்தாளிகள் எதிரில் அம்மாவால் பல்லைத்தான் கடிக்க முடிந்தது.

பெரியம்மா ஷோகேஸை விட்டு நகரவில்லை. "கடையில கூட இப்படி அடுக்க மாட்டாங்க. யாரோடது இதெல்லாம்?"

"எல்லாம் எங்க பேத்தியோடது" என்றாள் அம்மா.

குழந்தை பல்செட்டைக் காட்டிச் சிணுங்கியது. அம்மா கண்ணாடியை நகர்த்திக் கையை உள்ளே விட்டாள். "அழாத கண்ணு. பாட்டி எடுத்துத் தரேன்."

பூனை டீத்தட்டைக் கீழே வைத்தாள். வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மெதுவாக வெளியே எடுத்தாள். கண்ணாடியை மூடினாள்.

"பேத்தி பொருளைக் கொடுத்தா அத்தைக்கு ஏன்டி வலிக்குது?" என்று பெரியம்மா சிரித்தாள்.

பூனை வாயைத் திறந்தாள். இந்த முறை காற்று வரவில்லை. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிகூட எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரல் வந்தது.

"பேத்தியோடது இல்ல, பெரியம்மா. தொண்ணூத்தி மூணும் நான் சேர்த்தது. என்னோடது."