மூன்றாவது நாற்காலி

...போய்விட்டாரே மனுஷன், ஜனாதிபதி ஜான்சன், நேற்று இரவு டிவியில் அத்தனை நேரம் வியட்நாமைப் பற்றியே பேசிவிட்டு, கடைசியில் இனி இந்தப் பதவி எனக்கு வேண்டாம், தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாரே, அவர் பெயரால் வந்த நியமனத் தாளைக் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிற நான் மட்டும் இங்கே, ஜார்ஜியாவின் இந்த மூலையில், கோர்ட்டுக் கட்டிடத்தின் மாடியில், ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வாரியத்தின் மூன்றாவது நாற்காலியில்... இந்த ஊர் வாரியத்தில் ஒரு கறுப்பன் உட்காருவது இதுதான் முதல் தடவை, என் அப்பா இந்தக் கட்டிடத்தின் முன்வாசல் வழியாக ஒரு நாளும் நுழைந்ததில்லை. தலைவர் ஸ்ட்ரிக்லண்ட், பருத்தி ஆலைக்காரர், நான் உள்ளே வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார், "உங்க ஜான்சன் கடையக் கட்டிட்டாரு போலிருக்கே, நீ எப்ப கட்டப் போற?" என்று. சிரித்து வைத்தேன். ஏன் சிரித்தேன்? ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் அந்தச் சிரிப்பு தானாக வாயில் வந்து உட்காருகிறது, சனியன். ஒரு வருஷமாக அவர் எதிரில் உட்காருகிறேன், ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெயரைச் சொன்னால் முன்னால் 'மிஸ்டர்' போட வேண்டியிருக்குமே என்ற பயம்.

விலக்குக் கேட்டு வந்து நிற்கிற இந்தப் பையன் வெண்டெல் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான்... தொப்பியைக் கையில் கசக்கியபடி, மரம் அறுக்கும் ஆலையில் வேலை, அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, ஒரு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள், வீட்டில் நான் மட்டும்தான் சார், என்கிறான். எல்லாம் எனக்குத் தெரியும். அவன் அம்மா ஓரா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "உங்கம்மா முன்னாடி சமையல் வேலை பாத்தவதானே, திரும்பப் போகச் சொல்றது?" என்கிறார் ஸ்ட்ரிக்லண்ட், முகத்தை அவ்வளவு சாதாரணமாக வைத்துக்கொண்டு. அடப்பாவி! அவள் சமைத்தது உன் தம்பி வீட்டில்தானே, ஓட்டுரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட கையோடு அவள் இதே கட்டிடத்தில் வந்து பெயரைப் பதிந்தாள், மறுநாள் காலை அடுப்படிக்குள் நுழையவிடாமல் அனுப்பினானே உன் தம்பி... அந்த வருஷம் மார்ச்சில் ஜான்சன் டிவியில் பேசியது, எங்கள் வேதக்கோயிலில் நாங்கள் கைகோத்துப் பாடுகிற 'நாம் வெல்வோம்' என்ற வார்த்தைகளையே அந்த டெக்சாஸ்காரர் தன் வாயால் சொன்னது, எங்கள் கடையின் பின்னறையில் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம், ஓரா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும்தான். கோயிலில் எழுந்து நின்று அவள்தான் முதலில் சொன்னாள், ஆள் எடுக்கும் இடத்தில் நம்மவர் ஒருவர் இருக்க வேண்டும், டார்வர் அண்ணன் வெள்ளைக்காரன் சம்பளத்தை நம்பி இல்லை, அவரைப் போடச் சொல்லி மனு கொடுப்போம் என்று. நம்பி இல்லைதான். எங்கள் ஜனத்தில் சாவு இருக்கிறவரை எனக்குத் தொழில் உண்டு.

பிணப்பெட்டிக் கடைக்காரன் நான், டார்வர் ஈமக்கடை என்றால் மூன்று ஊருக்குத் தெரியும். அதுதான் இப்போது வினையாகிவிட்டது. முடிவெட்டும் கடை வாசலில் நின்றுகொண்டு ஒருவன் சத்தமாகவே கேட்டான், "அனுப்புறதும் நீரு, பொதைக்கிறதும் நீரு, நல்ல யாவாரமய்யா" என்று, சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை, அவர்கள் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். போன ஆகஸ்டில் வியட்நாமிலிருந்து வந்த பெட்டி... திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டி வந்தது, பையனின் தாய் ஒரு விரலையாவது காட்டு என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், நான் சட்டம், விதி என்று என்னென்னவோ சொன்னேன், உள்ளே காட்டுவதற்கு விரல் இருக்கிறதா என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன. எங்களுக்கு ஓட்டுக் கொடுத்த கைதானே அந்தப் பெட்டியையும் அனுப்பியது? ஒரே கைதானா? நல்ல மனுஷன் என்பதா, பாவி என்பதா, இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. என் மனைவி சொல்கிறாள், கூடத்தில் மாட்டியிருக்கிற அந்த நியமனத் தாளைக் கழற்றி எடுங்கள் என்று. நான் கழற்றவில்லை.

வெண்டெல் வெளியே போய்விட்டான். இப்போது நாங்கள் மூவரும், குமாஸ்தா அம்மா மிசஸ் பீவியும் மட்டும். மருந்துக்கடை வான்ஸ் எப்போதும் போலக் கண்ணாடியைத் துடைக்கிறார், நல்லவர்தான், முதலில் பேச மட்டும் மாட்டார். "இவன விட்டா வரிசையில அடுத்து யாரு, படிங்க" என்கிறார் ஸ்ட்ரிக்லண்ட், மே மாதத்துக்கு எட்டுப் பேர் கொடுத்தாக வேண்டும், ஒருவன் குறைந்தால் இன்னொருவன். மிசஸ் பீவி படிக்கிறாள், ஜெரோம் கேட்ஸ். எங்கள் கோயில் டீக்கனின் பேரன். அதற்கடுத்தவன்? அவனும் எங்களவன். ஸ்ட்ரிக்லண்ட் நாற்காலியில் சாய்ந்து என்னையே பார்க்கிறார், நீயே சொல் என்கிற மாதிரி... ஓஹோ, இதற்குத்தானா இந்த நாற்காலி, எங்கள் பையன்களில் எவன் என்று நானே கைகாட்டுவதற்கா? வெள்ளைப் பையன்கள் எங்கே போனார்கள், ஒருவன் காலேஜில், ஒருவனுக்கு முதுகுவலி, ஒருவன் விவசாயம். விவசாயம்! ஸ்ட்ரிக்லண்டின் தம்பி மகன் ஹார்லன், விவசாயத்துக்கு அவசியமானவன் என்று விலக்கு வாங்கியிருக்கிறானே, அந்த நிலம் முழுக்கப் பைன் மரம் நட்டாகிவிட்டது, சவ ஊர்வலத்தோடு அந்த வழியாகத்தானே போகிறேன், பைன் மரத்துக்கு யார் களை பறிக்கிறார்கள்? மேசையில் இரண்டு கையையும் ஊன்றுகிறேன். "வெண்டெலுக்கு விலக்கு குடுக்கணும். அவங்கம்மா ஏன் வேலை இழந்தான்னு இந்த ரூம்ல எல்லாருக்கும் தெரியும். ஹார்லன் ஸ்ட்ரிக்லண்ட் ஃபைல எடுங்க, அத திரும்பப் பாக்கணும்." என் குரல்தானா அது? ஸ்ட்ரிக்லண்டின் கழுத்து சிவக்கிறது. வான்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார், ஜன்னலைப் பார்த்தபடி, "மிஸ்டர் டார்வர் சொல்றது நியாயம். ரெண்டுக்கும் நான் சரி" என்கிறார்.

மிஸ்டர் டார்வர்! வெள்ளைக்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தை வர வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன், வந்தே விட்டது, ஃபைலை எடுக்க மிசஸ் பீவி இழுப்பறை திறக்கிற சத்தமும் கூடவே வந்தது, மூன்றில் இரண்டு ஓட்டு, வெண்டெலுக்கு விலக்கு, ஹார்லனின் விலக்கு ரத்து, எட்டாவது ஆள் இனி அவன்தான். ஜெயித்துவிட்டேன். மார்பு விம்ம, வெட்கமில்லாத சந்தோஷத்தோடுதான் கதவைத் திறந்தேன். ஓரா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்துவிட்டாள், வெண்டெல் தோள் கொடுத்தான். இனி பயமில்லை ஓரா, விட்டுவிட்டார்கள் என்றேன். அவள் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறந்தாள். "யாருக்கும் கேடு வராம முடிஞ்சுதாண்ணே? எம்புள்ளைக்குப் பதிலா யாரு போறா?" என்றாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது பின்கட்டில் ஒரு வெள்ளைப் பையன் உட்கார்ந்து பீச் பழப் பணியாரம் தின்றுகொண்டிருந்தானே, அப்பனுக்குத் தெரியாமல் வருகிறது கழுதை, தவழ்ந்த நாளிலிருந்து என் கைச்சோறு தின்ற பிள்ளை, அப்பன் செய்ததற்கு அவன் என்ன செய்வான் என்று சிரித்தாளே... அவள் கை இன்னும் என் கைமேல் இருக்கிறது. உள்ளே ஃபைல் என்று சொன்னபோது எவ்வளவு சுலபமாக வந்த பெயர் அது, ஹார்லன். வாயைத் திறந்தேன்.