கொழுந்தின் நிறம்

"அப்பாவுக்கா நெறம் தெரியாது?" நிஷாலினி சிரித்துவிட்டாள். "முப்பது வருஷம் தேயில ஸ்டோர்ல வேல பாத்தவரு டொக்டர். அரைச்ச கொழுந்து எப்ப பச்ச போயி செம்பு நெறத்துக்கு வருதுன்னு இவர கேட்டுட்டுத்தான் தொரையே அடுப்புக்கு அனுப்பச் சொல்லுவாரு."

டொக்டர் ஷிப்னா நிஷாலினியின் அப்பா பிலிப்புவைப் பார்த்தாள். அவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேரன் ஜொனி. ரயில் சாரதி வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் தேறி, கண் பரிசோதனையில் தவறியவன். கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவோம் என்றுதான் மூவரும் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள்.

"சிவப்பும் பச்சையும் தம்பிக்குப் பிரிஞ்சு தெரியாது. மருந்தில்ல. எக்ஸ் நிறமூர்த்தம், எக்ஸ் குரோமோசோம்னு ஒண்ணு இருக்கு. பொம்புளைக்கு ரெண்டு, ஒண்ணு பழுதானாலும் மத்தது காப்பாத்திரும். ஆம்புளைக்கு ஒண்ணுதான், அதுவும் தாய் குடுக்கிறது. ஒங்க அப்பாவுக்கு இல்லாட்டி, ஒங்க அம்மா வழியா ஒங்களுக்கு வந்திருக்கும்."

"அப்ப அம்மாதான்," என்றாள் நிஷாலினி மெதுவாக.

அப்போதாவது பிலிப்பு வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவர் மனைவி மரியகொரட்டிக்கு மட்டும்தான் தெரியும். கலியாணமான புதிதில், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு அவர் சிவப்புச் சட்டையோடு புறப்பட்டபோது கண்டுபிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய உடுப்பை அவளே எடுத்துவைத்தாள். ஸ்டோரில் அவர் நிறம் பார்த்ததே கிடையாது. பச்சை வாடை அடங்கி, பழவாசம் எழும்பும்போது கையைத் தூக்குவார். 'பிலிப்பு கண்ணு' என்று ஊரே சொன்னது. மூக்கு என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து, பேசாமலே இருந்து பழகிவிட்டார்.

அதற்குக்கூட அவர் தன்னை மன்னித்துவிடலாம். ஜொனி இரண்டாம் வகுப்பில் தேயிலை மலை வரைந்து வந்த நாளைத்தான் மன்னிக்க முடியவில்லை. டீச்சர் அதில் பெரிதாகப் பிழை போட்டிருந்தார். "கொழுந்துக்கு யாருடா மண் கலர் அடிப்பா?" என்று நிஷாலினி திட்டினாள். பிலிப்பு தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு மலை மலையாகவே இருந்தது. "டீச்சருக்குத்தான் கண்ணு தெரியல" என்று சொல்லிப் பையனைத் தூக்கிக்கொண்டார். பையனுக்கும் தன் கண்தான் என்று அந்தக் கணமே அவருக்கு விளங்கிவிட்டது. பையன் அதன்பிறகு பதினைந்து வருஷம் ரயில் ரயிலென்று வளர்ந்தான்.

திரும்பும் வழியில், பண்டாரவளைக்கு வெளியே ரயில் நின்றது. ஜன்னலோரம் இருந்த ஜொனி, வளைவில் தெரிந்த கைகாட்டி சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவம் அம்மா," என்றாள் நிஷாலினி. "தன்னாலதான்னு தெரியாமயே போயிருச்சு."

பிலிப்பு தொப்பியை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"தாத்தா," ஜொனி திரும்பாமலே கேட்டான். "அந்தத் தேயில மலப் படம் ஒங்களுக்கு மட்டும் எப்படி சரின்னு பட்டுச்சு?"

எங்கோ ஒரு குழந்தை வடை கேட்டு அழுதது.

"அந்த கைகாட்டி வெளக்கு," என்றார் பிலிப்பு, "என்ன நெறம்னு எனக்கும் தெரியாதுய்யா. கை எறங்குதான்னுதான் பாப்பேன்."

ஜொனி ஜன்னலிலிருந்து திரும்பினான். நிஷாலினி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். வெளியே, மெல்லிய பனிக்குள், கைகாட்டியின் கை ஒருமுறை நடுங்கி இறங்கியது. மூன்று பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.