பாஷா பாயின் விமர்சனம்

கீழ்வீட்டில் குபீரென்று சிரிப்புச் சத்தம் கிளம்பியது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கவியாவின் கை கொடியிலேயே நின்றது. நாற்பது பேர் ஒரே நேரத்தில், ஒரே அளவாகச் சிரிக்கும் அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து, எங்கெங்கே சேர்க்க வேண்டுமென்று சொன்னவளே அவள்தான். வீட்டுக்காரர் அன்வர் பாஷா பாய் 'பத்து வீட்டுத் தெரு' பார்க்கிறார்.

எட்டு வாரம் இணையத்தில் வந்த நகைச்சுவைத் தொடர். வசனம் கவியா. ரமணாசிரமம் பக்கம் ஒரு தெரு. ராஜஸ்தான் பாத்திரக்கடைக்காரர், தெலுங்கு பேசும் லாட்ஜ் மேனேஜர், இத்தாலியிலிருந்து வந்து தங்கிவிட்ட ஜூலியா, உருது கலந்து பேசும் தையல்காரர். போளூரிலிருந்து வந்து மூன்று வருஷமாக அதே தெருவில், பாயின் மாடியில் குடியிருப்பவள், இவர்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

முதலில் வந்த விமர்சனங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. நேற்று வந்த வார இதழ்தான் கீழே போட்டது. 'தையல்காரர் வாயைத் திறந்தாலே சிரிக்க வேண்டுமாம். இது நகைச்சுவையா, கேலியா?' என்று கேட்டிருந்தது. ராத்திரிக்குள் ஊரெல்லாம் அதே பேச்சு.

காலையில் டைரக்டர் ஸ்கந்தன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். "அந்த டெய்லர் உங்க ஹவுஸ் ஓனர்தானே? 'எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல'னு ஒரு நிமிஷம் பேசச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பு. இல்லன்னா ரெண்டாவது சீசன் கிடையாதுனு கம்பெனில சொல்லிட்டாங்க. அப்புறம் நீ போளூருக்கே பஸ் ஏற வேண்டியதுதான்."

கவியா கீழே இறங்கினாள். தையல் மெஷினில் சாய்த்து வைத்திருந்த போனை பாய் அணைத்தார்.

"வாங்க ரைட்டரம்மா! என்னா, எனக்கு அவ்ளோ தொப்பையா? என்னாட்டம் நடிச்ச அந்த ஆளுக்கு சட்ட தெச்சா அர மீட்டர் ஜாஸ்தி புடிக்கும்."

அவளுக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது. வந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சினு வந்த? பேசிட்டா போச்சு. என் பேச்சுக்கு கஸ்டமருங்களே சிரிப்பாங்க. நீ ஒண்ணும் பொய்யா எழுதல."

உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. பாய் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டார். கழுத்து டேப்பைக் கழற்றினார். யோசித்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். உள்ளே, அவர் மனைவி ஜரீனா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ரெடியா பாய்?" கவியா தன் போனை உயர்த்தினாள்.

அவர் போனைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"கடைசி வாரம் அந்த ஜூலியா, புதுசா குடிவந்த பொண்ணுக்கு சோறு போட்டுட்டு ஒண்ணு சொல்லுதே? 'ஊர விட்டு வந்தவ பசிக்குதுனு வாய்விட்டு சொல்ல மாட்டா, நாமதான் தட்டு வெச்சிடணும்'னு. எல்லாரும் அதத்தான் மனச தொட்டுச்சுனு எழுதியிருக்காங்க."

கவியாவின் விரல் பொத்தானைத் தொடாமல் நின்றது. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாடிப்படியில் தட்டோடு நின்று ஜரீனா சொன்னது அது. தொடரில் தையல்காரருக்கு ஒரு மனைவியையும் கவியா எழுதித்தான் இருந்தாள். சிரிப்புக்கு அந்தப் பாத்திரம் உதவாது என்று அவளே வெட்டிவிட்டாள். அந்த வசனத்தை மட்டும் விட மனசு வரவில்லை.

சமையலறை வாசலில் ஈரக்கையோடு ஒரு நிழல் வந்து நின்றது. பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் பேசினத எனக்கே குடுத்த, சரி. இவ பேசினத எதுக்கும்மா அந்த வெள்ளக்காரிக்குக் குடுத்த?"