அண்ணத்தில் ஒரு பிளவு

முன்னங்கால்கள் இரண்டிலும் கயிற்றைச் சுருக்கிட்டு, மாடு முக்கும்போதெல்லாம் இழுத்தாள் பண்ணைக்காரி. கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. தலையை ஆட்டியது.

“இதச் சாக விடமாட்டேன் டாக்டர்,” என்றாள் மூச்சிரைக்க.

போன கன்று அவள் மடியில்தான் செத்தது. சீம்பால் புகட்டப் புகட்ட சளி கட்டி, மூச்சு முட்டி. “புட்டியத் திணிச்சே கொன்னுட்டியேம்மா,” என்று அண்ணன் சொன்னது இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த முறை சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பால் மூக்கு வழியே வழிந்தது.

மாட்டு டாக்டர் கன்றின் வாய்க்குள் விரலை விட்டார்.

“அண்ணம் பிளந்திருக்கு.”

“அண்ணனா?”

“அண்ணன் இல்லம்மா, அண்ணம். மேல்வாய். குடிக்கிற பால் நுரையீரலுக்குப் போகுது. உங்க கையில தப்பில்ல, இது பரம்பரைக் கோளாறு. தாய், தகப்பன் ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தாத்தான் கன்னுல தலைகாட்டும். மாடும் காளையும் எங்க வாங்குனது?”

“ரெண்டுமே அண்ணன் கொடுத்தது.”

கொட்டகையில் நின்ற மற்ற மாடுகளும் அண்ணன் கொடுத்த அதே வம்சம். அத்தனையும் அதே காளைக்குச் சினை. பாவம், அவனுக்கும் தெரிந்திருக்காது.

போனில் ஒரே வரிதான் சொன்னாள். “கன்னு போட்டுருச்சு, உடனே வாண்ணே.”

அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். “என்னம்மா, மறுபடி மாமனாயிட்டேன் போல.” வந்த வேகத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் குழாயை உருவினான். “புட்டி வேணாம். மூக்குல ஏறிடும். இத நேரா வயித்துக்கு விட்டுரு.”

மூக்கில் பால் வந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவள் குழாயை வாங்கிப் பார்த்தாள். பழசு. நுனியெல்லாம் கன்றுப்பல் பதிந்த தடம்.

“இது எந்தக் கன்னுக்கு வாங்குனதுண்ணே?”

அவன் குழாயைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“உன் மாட்டுக்கெல்லாம் சினை ஊசிதான் போடுற. உனக்கில்லாம காளைய எனக்கு எதுக்குத் தர்றன்னு கேட்டா, தங்கச்சிக்கு மிஞ்சித்தான் எனக்குன்ன. நானும் ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப்போனேன்.”

அண்ணன் டாக்டரைப் பார்த்தான். பிறகு தரையை.

“நாந்தான் கொன்னேன்னு சொன்னியே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாம்ல?”

“எங்கிட்ட அந்தக் காளைக்குப் பொறந்ததுல ஒண்ணுகூடப் பொழைக்கலம்மா,” என்றான். “அதுக்கப்புறந்தான் காளைய இங்க ஓட்டிட்டு வந்தேன்.”