சாவுக்கடை

பிரிக்பீல்ட்ஸில் பலசரக்குக் கம்பெனிக்காரன் தன் ஐந்தாவது கிளையைத் திறந்ததும், ரயில்வே குடியிருப்புச் சனம் அரிசி, சீனி, சோப்பு எல்லாவற்றுக்கும் அங்கே ஓடியது. எதிரே இருந்த என் கடையில், அவன் விற்காத கொள்ளிச்சட்டியும் வறட்டியும் பாடைக்கயிறும்தான் விலைபோயின. நல்லம்மாள் கடை என்ற பெயர் போய்ச் சாவுக்கடை ஆனது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் என் முகத்தில் விழிக்கவே பயந்தார்கள்.

பத்து வருஷம் என்னிடம் அரிசி வாங்கித் தின்ற ரயில்வே குமாஸ்தா, கிராணி நாகையா, இன்று மகள் கல்யாணப் பத்திரிகையோடு தெருவில் வந்தான். என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாவி, கம்பெனி ஓரமாக நடந்தான். விடுவேனா?

"ஒதுங்கியே போய்யா நாகையா! எல்லாத்தையும் அங்கேயே வாங்கிக்கோ. கடைசியில உன் மவன் இங்கதான் வரணும். நல்ல சட்டியா எடுத்துத் தரேன்!"