பால் வேன் பெயரில் ஒரு விபத்து

"வண்டியை ஓட்டினது யாருன்னு உங்க பையன் தன் வாயாலயே சொல்லட்டும், கௌடரே. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

டெய்ரிக் கட்டடத்துக்குள் கூடியிருந்த ஊர்ப் பெரியவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மாதப்பா மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். கிளம்பும்போது, அவ்வா என்று நான் கூப்பிடும் என் அம்மாவும் படுக்கையில் கிடந்தபடி அதையேதான் சொன்னாள். "பெரியவங்க ஒரு வழி சொல்றாங்க. வாயை அடக்கிட்டு வா மகளே." காலுக்குள் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். பெற்ற மகளுக்குக்கூட வலியைக் காட்டாமல் பல்லைக் கடித்துக்கொள்கிறவள் அவள்.

விபத்தன்று அவ்வா காலைப் பாலை ஊற்றுவதற்காக இதே டெய்ரிக்கு வந்துகொண்டிருந்தாள். பின்னால் நான். கரும்புக்காட்டு வளைவில் புட்டேகௌடரின் வெள்ளைக் கார் வந்து அவ்வாவை இடித்தது. ஓட்டியவன் அவர் மகன் யஷ்வந்த். நான் அவனைப் பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை.

காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. கட்ட மறந்துவிட்டார்களாம். இருந்திருந்தால் கம்பெனி தலையில் கட்டிவிட்டு, கௌடர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து அவ்வாவை விசாரித்துவிட்டுப் போயிருப்பார். இல்லாததால்தான் இந்தக் கூட்டம். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஆளை இடித்தால், இன்சூரன்ஸ் இருக்கிற வண்டியாகத் தேடுவார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி. அவ்வாவுக்குக் கிடைத்த மாப்பிள்ளை டெய்ரியின் பால் வேன். அதை ஓட்டுகிறவர் மாதப்பா மாமா, அவ்வாவின் கூடப் பிறந்த தம்பி. வேன்தான் இடித்தது என்று நேரில் பார்த்தவள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். மாமா ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். கம்பெனி பணம் கொடுக்கும்.

கௌடர் இந்தப் பால் சங்கத்தின் தலைவர். நான் கேட்டதற்குச் சிரித்தபடி காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"டிகிரி படிச்ச பொண்ணு, கேள்வி கேக்காம இருக்குமா? உக்காரும்மா சைத்ரா. நிங்கராஜு, பொண்ணுக்கு மோர் குடு."

உட்கார்ந்தேன். மாமாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"மோர் வேண்டாங்க. பதில் போதும்."

யஷ்வந்த் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "என்னப்பா இது ரோதனை? பணம்தான் வருதுல்ல? அந்தம்மா கேனைத் தூக்கிட்டு நடு ரோட்டுல நடந்து வந்தா நான் என்ன பண்ண—"

"பொத்துடா வாயை!"

"கேட்டீங்கள்ல எல்லாரும்?" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. சங்கத்துச் செயலாளர் நிங்கராஜு, பால் சோதிக்கும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதில் மும்முரமானார்.

"மாமா, அன்னிக்கு அந்த நேரத்துல வேன் எங்க இருந்துச்சு?"

"இப்ப எதுக்கு மகளே அது..."

"ஊர்ல எல்லாரும் பால் ஊத்தி முடிச்ச பிறகுதான் வேன் வரும். இது நம்ம மாட்டுக்குக்கூடத் தெரியும். கம்பெனிக்காரன் விசாரிக்க வந்தா அவனுக்கும் தெரிஞ்சிடும். மாட்டினா யார் உள்ள போறது? எழுதிக் குடுத்த நான், ஓட்டினேன்னு சொன்ன நீங்க. கௌடர் பேரு எந்தக் காகிதத்துல இருக்கு?"

கௌடரின் சிரிப்பு போய்விட்டது. மரியாதையும் போய்விட்டது.

"சரி, நேர்வழியிலயே போ. கேஸ் போடு. உங்கவ்வா ஆயுசுக்குள்ள தீர்ப்பு வந்தா பாரு. வந்தா மட்டும்? நிலமெல்லாம் என் பொண்டாட்டி பேர்ல இருக்கு. தீர்ப்பை நீ ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் எரிந்தது.

"கார் உங்க பேர்லதானே இருக்கு? இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஆளை இடிச்சா, நஷ்ட ஈட்டுக்கு ஜாமீன் கட்டாம போலீஸ்லேர்ந்து வெளிய விடமாட்டாங்களாம். ஏலத்துக்குக்கூடப் போகுமாம். மண்டியாவுல வக்கீலம்மா சொன்னாங்க. அதனாலதானே வெல்ல ஆலைக்குப் பின்னால தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சிருக்கீங்க?"

யஷ்வந்த் அப்பாவைப் பார்த்தான். கௌடர் என்னைப் பார்க்கவில்லை. செயலாளர் பக்கம் திரும்பி, சந்தை விலை விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"நிங்கராஜு, இவங்க வீட்டுப் பால்ல கொழுப்பு எப்படிப்பா இருக்கு?"

நிங்கராஜு கையிலிருந்த குழாயைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "நல்லாத்தான்... இப்ப கொஞ்சம் கம்மியா காட்டுதுங்க."

"தண்ணி கலக்கறாங்களோ என்னமோ. கலப்படம்னா வாங்க முடியாதே."

எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவது இரண்டு மாடுகள். என் காலேஜ் ஃபீஸும் அவற்றின் மடியிலிருந்துதான் வந்தது. ஊரில் பால் வாங்க இந்த ஒரு டெய்ரிதான் உண்டு.

மாமா என் பக்கத்தில் வந்து குனிந்தார். வாயில் வெற்றிலை வாசம். "போட்டுடு மகளே. பாலை நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க? என் வேலையும் போயிடும்."

"அக்கா மேல வண்டியை ஏத்தினது நான்தான்னு சொல்லிட்டு, அதே அக்கா வீட்டுல உக்காந்து களி தின்பீங்களா மாமா?"

"தின்னுதான் ஆகணும்," என்றார். "பசிக்குமே."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவை இடித்தவன் என்ற பெயரை அவர் கேட்டு வாங்கவில்லை, போட்டுக்கொள் என்று நீட்டினார்கள், போட்டுக்கொண்டார். இந்தக் கையெழுத்தைப் போட்டால் நாளைக்கு நானும் இதே சுவரோரமாக இதே மாதிரி நிற்பேன். பணம் வந்தாலும் அதைக் கௌடர் கொடுத்ததாகத்தான் ஊர் பேசும். அவ்வா அவரைக் கையெடுத்துக் கும்பிடுவாள், கோணிப்போன காலோடு.

பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

"எழுந்துட்டியா? நாளைக்குக் காலையில கேனைத் தூக்கிட்டு இங்கதானே வரணும்," என்றார் கௌடர்.

"வர மாட்டோம். கன்னுக்குட்டி குடிக்கட்டும்."

"கொழுப்பு பாலுல இல்லப்பா, இங்க இருக்கு," என்று யஷ்வந்த் முணுமுணுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சைத்ரா, அவ்வாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ," என்று மாமா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

கேட்டால் வேண்டாம் என்பாள். அழுவாள், காலைக் காட்டுவாள். அதற்குப் பிறகு என்னால் முடியாது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, வக்கீலம்மாவைப் பார்க்க, மண்டியா பஸ் நிற்கிற மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தேன்.